ஓம், பாஸ்தான்

எங்கள் பக்கத்தில் மேசனையும் தச்சரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் மேசன். பழுகாமத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேருக்குத்தான் தெரியும். பாஸ் வீடு எது என்றால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும்.

அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. நானே ஐந்தாம் வகுப்புப் பாஸ். சண்டைக் காலத்தில் வாவியைக் கடந்து டவுனுக்குப் போக ஆமிக்காரரிடம் பாஸ் எடுத்தோம். வெளிநாடு போக மகளுக்கு மெடிக்கல் பாஸ் ஆன அன்று புக்கை பொங்கினோம். ஒன்று மட்டும் தெரியாமல் இருந்துவிட்டேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துச் செய்தது. மறுநாள் காலையில் அவர் அயர்ந்து கிடந்தார். வார்டு நர்ஸ் மிஸ்ஸி கட்டில் கட்டிலாக எழுதிக்கொண்டு வந்தாள். அவள் கேட்டது மேலே ஓடிய ஃபேன் சத்தத்தில் சரியாக விளங்கவில்லை. ஐயா, பாஸ், இந்த இரண்டும்தான் காதில் விழுந்தன.

"ஓம் மிஸ்ஸி, பாஸ்தான்" என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருசமாய்ப் பாஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கத்தில் விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு அப்போதே பிழை தெரிந்திருக்கும்.

மத்தியானம் அவர் கண் விழித்தார். "அடிவயிறு கல்லாக் கிடக்கு புள்ள. புண்ணு நோகுதாக்கும்."

"மிஸ்ஸிட்ட சொல்லட்டா?"

"சும்மா இரி. ஆக்கள் பாப்பாங்க."

அவரும் என்னைப் போலத்தான்.

டொக்டர்மார் வரும் நேரம் என்று துணைக்கு நின்றவர்களை வெளியே அனுப்பினார்கள். வெளியே கிடந்த வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி.

"எங்கட மனிசன் விடிய ஒண்ணுக்குப் பாஸ் பண்ணின பொறகுதான் மிஸ்ஸி சிரிச்சா. இல்லாட்டி குழாய் போடுவாங்களாம். ஒங்கட ஆளு?"

"ஒண்ணுக்கா? அதுக்குமா பாஸ்?"

"பின்ன? என்னெண்டு நினைச்சீங்க?"

"அவர் மேசன் பாஸ்தானே... அதத்தான் கேக்கா எண்டு ஓம் எண்டுட்டன்."

சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "யா அல்லாஹ்! ஓடுங்க அக்கா, போய்ச் சொல்லுங்க."

ஓடினேன். வாசலில் செக்யூரிட்டிக்காரர் கையை நீட்டினார். "பாஸ் எங்கம்மா?"

பாஸ் துண்டு வீட்டுக்காரரின் தலையணைக்குக் கீழே கிடந்தது. "அவருக்கு... அவருக்கு..." என்றேன். அன்னிய ஆணிடம் அதை எப்படிச் சொல்வது?

"எல்லாரும் அவருக்கு எண்டுதான் வாறாங்க. டொக்டர் போன பொறகு வாங்க."

கண்ணாடிக்கு அப்பால் டொக்டர் அவருடைய கட்டிலடியில் நின்று சீட்டைப் புரட்டினார். பிறகு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

பின்னால் வந்த ஏறாவூர்க்காரிதான் கத்தினாள். "தம்பி, அந்த மனிசனுக்கு மூத்திரம் அடைச்சிக் கிடக்கு! மிஸ்ஸியக் கூப்பிடு!"

நடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினேன்.

திரையை இழுத்துக் குழாய் போட்டார்கள். பை நிரம்பியது, மாற்றினார்கள். மூத்திரம் தேங்கிச் சலப்பை அளவுக்கு மிஞ்சி விரிந்துவிட்டது, பழையபடி சுருங்க நாள் எடுக்கும் என்றார் டொக்டர்.

"அம்மா, நீங்கதானே ஓம் எண்டீங்க?" என்று மிஸ்ஸி கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன்.

குழாயோடுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கிளினிக்கில் இரண்டு தரம் கழற்றிப் பார்த்தார்கள். சலம் தானாகப் போகவில்லை, திரும்பவும் போட்டார்கள். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. சாரத்துக்குள் பையை மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

போன கிழமை மூன்றாம் தரம் கழற்றினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். இரண்டு போத்தல் குடித்தார். நடையில் மேலும் கீழும் நடந்தார், நானும் கூடவே நடந்தேன். பிறகு கக்கூசுக்குள் போனார். கதவுக்கு வெளியே காது கொடுத்து நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பைப்பா, அவரா என்று பிரிக்கத் தெரியவில்லை.

வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. போய்த் தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். மிஸ்ஸி புதுக் குழாயின் உறையைக் கிழித்தாள்.