பிளைவீலும் இரண்டு பிடி மிளகும்

மட்டமாகப் பதித்த இரண்டு கம்பிகளின் மேல் ஓர் இரும்புச் சக்கரத்தை உருளவிட்டால், அதன் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, கொஞ்சம் துளைத்து, மறுபடியும் உருளவிட வேண்டும். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் பெலன்ஸ் சரி. இரத்தோட்டை வீதியில் இருக்கும் என் சிறிய லேத் பட்டறையில் பல வருடங்களாக இதைச் செய்கிறேன். யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும்.

உக்குவளையில் மிளகு வியாபாரம் செய்யும் முஸ்லிம் முதலாளி ஒருவர், எங்களுக்கு நானா, போன வருடம் தன் பழைய லொறியைக் கொண்டுவந்தார். மூக்கு நீண்ட, அந்தக் காலத்து இங்கிலாந்து லொறி. இஞ்சின் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாகக் கண்டியில் ஒருவரிடம் ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றை வாங்கியிருந்தார். விற்றவரின் போன் நம்பர் இஞ்சின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

லொறியின் பழைய கியர்பொக்ஸும் கிளச்சும் அப்படியே இருக்க வேண்டும், புது இஞ்சின் அவற்றோடு சேர வேண்டும். நடுவில் இருப்பது பிளைவீல், இஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் சுற்றுகிற பெரிய சக்கரம். ஜப்பான் இஞ்சினோடு வந்த பிளைவீலில் பழைய கிளச் உட்காரவில்லை. அதனால் லொறியின் பழைய பிளைவீலையே எடுத்து, புது இஞ்சினின் போல்ட்டுகளுக்கு ஏற்றபடி துளை போட்டு, கம்பிகளின் மேல் ஒன்றரை நாள் பெலன்ஸ் செய்தேன். விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. அதற்கு முன் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

பூட்டி ஸ்டார்ட் செய்தோம். மெதுவாக ஓடும்போது லேசான நடுக்கம். வேகம் கூட்டியதும் லொறி முழுவதும் உதறியது. மட்காட்டில் நானா வைத்திருந்த பிளேன்டீ கிளாஸ் நடந்து போய்க் கீழே விழுந்தது.

"மொதலாளி, இதுல ரிவர்ஸ்டன் மலப் பக்கம் போய் வந்தா மொளகு மூட்டையிலேயே தூளாயிரும். மில்லுக்கே போகத் தேவல்ல" என்றார் அவருடைய டிரைவர்.

நானா சிரிக்கவில்லை. "கண்டியான் வளஞ்ச கிராங்க என் தலையில கட்டிட்டான். நாளைக்கு இஞ்சின எறக்குங்க பாஸ். அவன்ட கட வாசல்ல கொண்டுபோய்ப் போட்டு, நாலு பேருக்கு முன்னால கேக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட பெலன்ஸ்ல பிழ ஒண்டும் இல்லதானே?"

"இல்லிங்க நானா" என்றேன். நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை இஞ்சினை இறக்க ஸ்பேனரை எடுத்த கை, சுவரில் சாய்ந்திருந்த ஜப்பான் பிளைவீலைக் கண்டதும் நின்றது. அது எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. தூக்கிக் கம்பிகளின் மேல் வைத்தேன். சட்டென்று புரண்டு, தொட்டில் போல முன்னும் பின்னும் ஆடி, ஒரு பக்கம் கீழாக நின்றது. திருப்பி வைத்தேன். அதே பக்கம். இதுவும் கெட்டதுதான் என்று நினைத்துக் கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், பின்புறத்தில் அரை நிலா வடிவில் ஒரு தடிப்பு வார்த்திருந்தது. ஓரம் ஒழுங்காக இருந்தது. தவறி வந்ததல்ல, யாரோ வேண்டுமென்றே வைத்தது. ஒரு பக்கம் கனமாக ஒரு சக்கரத்தை எதற்காகச் செய்வார்கள்?

அந்த இஞ்சினுக்குள் எதிலோ அவ்வளவு கனம் குறைந்திருந்தால் செய்வார்கள். அப்படியானால் உதறலுக்குக் காரணம், ஒரு பக்கம் கனக்காத என் சக்கரம்.

எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. லொறித் தட்டின் இடுக்குகளில் மிளகு சிந்திக் கிடந்தது. அதைக் கூட்டியெடுத்து ஒரு துணிப்பையில் போட்டு, தடிப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் கட்டினேன். ஒரு பிடி போதவில்லை. இரண்டாவது பிடியின் கடைசியில் ஒவ்வொரு மணியாகப் போட்டுக்கொண்டிருந்தபோது நானா வந்துவிட்டார்.

"என்ன பாஸ், இரும்புக்கு மொளகு ரசமா வைக்கிறீங்க? இஞ்சின் இன்னம் எறக்கல்லயா?"

பையோடு சக்கரம் அசையாமல் நின்றதைக் காட்டினேன். பையை அவிழ்த்தேன், புரண்டது. கட்டினேன், நின்றது. பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"பிழை என்னுதுங்க நானா. கண்டிக்காரரு மேல தப்பில்ல. அவரு வாசலுக்குப் போயிடாதீங்க."

அவர் பையைக் கையில் வாங்கி, வழக்கம்போல் தூக்கி எடை பார்த்தார்.

"அவன் மூட்டைய சாக்கோட நிறுத்துத் தந்திருக்கான். நீங்க சாக்கக் கழிச்சிட்டீங்க. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தாங்க."

"நல்ல நேரத்துல சொன்னீங்க. நாலு பேருக்கு முன்னால நான்தான் அவமானப்பட்டிருப்பேன்."

தன் கடையிலிருந்து கராம்பு நிறுக்கிற சின்னத் தராசை எடுத்துவரச் சொன்னார். டிரைவரும் நானும் லொறியிலிருந்து என் சக்கரத்தைக் கழற்றினோம். பிளைவீலை இஞ்சினில் ஒரே விதமாகத்தான் பூட்ட முடியும், அதனால் இடம் தவறாது. ஜப்பான் சக்கரத்தில் பை இருந்த அதே பக்கத்தில், நடுவிலிருந்து அதே தூரத்தில், என் சக்கரத்தைத் துளைத்தேன். ஒரு தட்டில் மிளகுப் பை, மறு தட்டில் துளைத்த இரும்புத் தூள். தராசை நானாவே பிடித்திருந்தார். ஐந்தாவது துளையில் தட்டுகள் சமமாயின. சக்கரத்தைக் கம்பிகளின் மேல் வைத்துப் பையைக் கட்டிப் பார்த்தேன். நின்றது. அவிழ்த்ததும் புரண்டது. அது புரண்டதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுபடியும் பூட்டினோம். வேகம் கூட்டியபோது, மட்காட்டில் மறுபடி வைத்த கிளாஸில் பிளேன்டீயின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் வந்தன. கிளாஸ் நகரவில்லை.

"அப்ப மொளக மில்லுக்கே கொண்டுபோகணுமா?" என்றார் டிரைவர்.

நானா கண்டிக்குப் போன் எடுத்து, "இஞ்சின் அருமை" என்று சொல்லிவிட்டு, "இந்தாங்க, பாஸோட பேசுங்க" என்று போனை என் கையில் திணித்தார். என் காது சுட்டது. அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றார்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டுவிட்டேன்.

"பிளைவீல்ல ஏங்க ஒரு பக்கம் கனமா வச்சிருக்காங்க?"

"கிராங்க்ல கனம் வைக்க எடம் பத்தல பாஸ். ஜப்பான்காரன் மிச்சத்தப் பின்னால வீல்லயும் முன்னால பெல்ட் சக்கரத்துலயும் வச்சிருக்கான். நம்பர் எழுதி அனுப்பினேனே, ஒரு போன் கோல் எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

அந்த நம்பரை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"முன்னாலயுமா?" என்று கேட்டபடி, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே பெல்ட் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். உண்மைதான். அதிலும் ஓரமாக ஒரு சிறிய தடிப்பு இருந்தது.

"பாஸ்" என்றார் நானா பின்னாலிருந்து, "என்ட போன்."