கண்ணாடிக்குள் உட்கார்ந்த ஆந்தை

கல்லூரி ஒளியியல் கூடத்தில் ஹாலோகிராம் என்னும் முப்பரிமாணப் படம் எடுப்பவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘அசையாதே அக்கா’. அங்கே அவள் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அதுதான். வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்பா போன பிறகு, அவர் மேஜைமேல் இருந்த பீங்கான் ஆந்தைக்காக அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்றார்கள். வீட்டைப் பிரித்தபோது முகம் சுளிக்காதவர்கள், ஆந்தைக்காகப் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது: ஒருவருக்கு ஆந்தை, மற்றவருக்கு அதன் ஹாலோகிராம்.

இருவரையும் கூடத்துக்கு வரவழைத்து, ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஆந்தைக்கு முன்னால் நிறுத்தினாள்.

“லேசர் வெளிச்சம் இது வழியா போய் ஆந்தை மேல பட்டுத் திரும்பும். போற வெளிச்சமும் வர்ற வெளிச்சமும் கண்ணாடிக்குள்ள சந்திச்சு, கோடு கோடா பதியும். தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்கு ஆடினாலும் எல்லாம் போச்சு. வாயைத் திறக்காதீங்க.”

லேசரைத் திறந்ததும் அண்ணன் தும்மினார்.

“வேணும்னே தும்முறாரு,” என்றான் தம்பி.

“தும்மல் என் கையிலயாடா இருக்கு?”

கழுவிப் பார்த்தால் தகடு வெறிச்சென்று இருந்தது. இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

இந்த முறை பதிந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்ததும், கண்ணாடிக்குப் பின்னால் ஆந்தை உட்கார்ந்திருந்தது. தம்பி தலையை இந்தப் பக்கம் நகர்த்தினால் ஒரு காது, அந்தப் பக்கம் நகர்த்தினால் மறு காது. தகட்டின் பின்னால் அண்ணன் கையை விட்டுத் துழாவினார். வெறும் காற்று.

“எனக்கு இது போதும். நிஜத்தை நீயே வச்சுக்க,” என்றார் தாராளமாக.

“மூத்தவரு நீங்க. நிஜம் உங்களுக்குத்தான் பொருத்தம்.”

ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தார்கள். “விடுங்க,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் தகடு இரண்டாகிவிட்டது.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாதியை விளக்கில் காட்டினாள். முழு ஆந்தை. மறு பாதியிலும் முழு ஆந்தை.

“ஆந்தையோட ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வந்த வெளிச்சம் கண்ணாடி பூரா விழுந்திருக்கு. பாதி மூடின ஜன்னல்னு நெனைச்சுக்கோங்க. ஆந்தை குறையாது, எட்டிப் பார்க்கத்தான் இடம் கம்மி.”

ஆளுக்கொரு பாதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். “அக்கா, என் பாதியில இடது பக்கம் சரியா தெரியல.”

“அது அண்ணன்கிட்ட இருக்கு. போய்ப் பாரு.”

போனான். இரண்டு பாதிகளில் எது உசத்தி என்று இருவரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வாய்ச்சண்டை போட்டதாக அண்ணி சொன்னாள். நிஜ ஆந்தையை இருவருமே கேட்கவில்லை. அது இப்போது அவள் வீட்டு ஃப்ரிட்ஜ்மேல் இருக்கிறது.