அன்று நான் இழுக்கவில்லை

காசிமேட்டில் வலை இழுத்தே வளர்ந்தவன் நான். கையை விட்டால் மீன் போய்விடும் என்பதுதான் எங்கள் பாடம்.

நெத்திலி வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரை எங்கள் நாய் ஜிம்மி விழுங்கிவிட்டது. மறுநாள் சோற்றைத் தொடவில்லை. வாலுக்குக் கீழே கவரின் நுனி முறுக்கிக்கொண்டு தொங்கியது. சட்டென்று பிடித்துவிட்டேன்.

"எத்தினி வலை இழுத்துகீறேன், இது இன்னா பெரிய விசயமா?"

மாட்டு டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி திரும்பினாள்.

"கைய எடுய்யா. இழுத்தா கொடலு கீஞ்சிடுமாம். வாந்தி எடுக்க உப்புத் தண்ணியும் குடுக்கக் கூடாதாம். ஒடனே தூக்கினு வரச் சொல்றாரு."

கையை எடுத்தேன். ஆட்டோவில் ஜிம்மி என் மடியில் முனகிக்கொண்டே வந்தது. இழுத்துவிட விரல்கள் துடித்தன. ஆனாலும் அந்த நுனியை நான் தொடவில்லை.

ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர், "நல்ல வேளை, இழுக்காம கொண்டு வந்தீங்க. பொழச்சுடுச்சு" என்றார்.

வீடு திரும்பிய அன்று ஜிம்மி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டியபடி ராஜா போல வந்தது. தெருவே கூடிவிட்டது.

"இன்னா நைனா பண்ணே, இப்டி பொழச்சிகினு வந்துகீது?"

படகு நிறைய மீனோடு கரைக்கு வந்தவனைப் போல மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"ஒண்ணுமே பண்ணல."