ஏழு கொழுக்கட்டை

எங்க பிளாக்குல என் கைக்கு ஒரு பேரு உண்டு. யாராவது ஒரு உதவி பண்ணிட்டாங்கன்னா, ஒரு வாரத்துக்குள்ள அவங்க வீட்டு வாசல்ல நான் டப்பாவோட நிப்பேன். கடையில வாங்குற ஸ்வீட் பாக்ஸ் எனக்கு ஆகவே ஆகாது. போனமா, வாங்குனமா, நீட்டுனமான்னு முடிச்சுடுறதுல என்ன நன்றி இருக்கு? அடுப்புக்கு முன்னால நின்னு, வேர்த்து விறுவிறுத்து, ரெண்டு விரலையாவது சுட்டுக்கிட்டுச் செஞ்சு குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். இதுல எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைய நம்பித்தான் இவ்வளவு நாள் என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு மைன்ஸ்ல வேலை கிடைச்சு நெய்வேலிக்கு வந்தோம். இந்தப் பக்கத்து வீடு மதுரை, அந்தப் பக்கம் ஈரோடு, எதிர் வீடு சிவகங்கை. ஊருக்கு ஒரு குடும்பமா வந்து சேர்ந்த இடம், சொந்தபந்தம்னு பக்கத்துல யாரு இருக்கா? பாத்திரம்தான் சொந்தம். ஒரு வீட்டு டப்பா இன்னொரு வீட்டுக்குப் போச்சுன்னா வெறுமனே திரும்பாது. கழுவி, அதுல எதையாவது போட்டுத்தான் குடுக்கணும். ஒண்ணும் இல்லையா, ஒரு பிடி சர்க்கரையாவது. எங்க அலமாரியில இருக்குற எவர்சில்வர்ல பாதி எங்களோடதே இல்ல. மூடியில வெட்டியிருக்கிற பேரைப் பாத்தாத்தான் எது யாரோடதுன்னு தெரியும்.

போன வருஷம் ஆனி மாசக் கடைசியில ஒருநாள் காலையில நான் பாத்ரூம்ல விழுந்துட்டேன். அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அஞ்சரைக்கே கிளம்பிப் போயாச்சு. பொண்ணு சென்னையில. செல்போன் ஹால்ல. உடம்பெல்லாம் சோப்பு, ஒட்டுத்துணி கிடையாது. கால ஊன முடியல. கணுக்கால் அதுக்குள்ள பூசணி மாதிரி வீங்கிடுச்சு. எவ்வளவு நேரம் கத்துனேன்னு தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு கத்தக் கூடத் தெம்பில்லாம அழுதுக்கிட்டுக் கிடந்தேன்.

அப்பதான் தெருவுல விசில் சத்தம். குப்பை வண்டி தள்ளிட்டு வர்ற பொண்ணு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துல இருந்து பஸ்ஸுல வந்து, எங்க தெருவுக்கெல்லாம் வீடு வீடாக் குப்பை எடுக்குறவங்க. காண்ட்ராக்ட் வேலை. நாப்பது வயசு இருக்கும். நான் அவங்கள வா, போன்னுதான் பேசுவேன், அவங்க என்னை அக்கான்னு கூப்பிடுவாங்க. எழுதும்போதாவது 'அவங்க'ன்னு எழுதுவோம்னு எழுதுறேன். எழுதுறதுல என்ன கஷ்டம், வாயிலதான் வர மாட்டேங்குது.

என் குரல் கேட்டதும் வண்டிய அப்படியே போட்டுட்டு, பின்பக்கச் சுவர ஏறிக் குதிச்சு, திறந்து கிடந்த பின்கதவு வழியா உள்ள வந்துட்டாங்க. பாத்ரூம் கதவுக்கு வெளியில நின்னுகிட்டு, "அக்கா, நாந்தான். பயப்படாதீங்க. தாப்பாள மட்டும் எப்டியாச்சும் நீக்கிடுங்க. நான் கண்ண மூடிக்கினுதான் வருவேன்"னாங்க. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ண மூடிக்கிட்டு வந்து ரெண்டு பேருமா விழறதுக்கான்னு கேட்டேன். தாப்பாள நீக்குனேன்.

முதல்ல ஒரு துண்ட எடுத்து என் மேல போத்துனாங்க. அப்புறம் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தி சோப்ப எல்லாம் கழுவி விட்டாங்க. "இப்டியே போனா உடம்பெல்லாம் அரிக்கும்க்கா." தலையத் துவட்டி, நைட்டிய மாட்டி, அதுக்கு மேல ஒரு துண்டப் போட்டு, என்னைக் கைத்தாங்கலா இழுத்துட்டு வந்து திண்டாடி ஆட்டோவுல ஏத்துனாங்க. ஆஸ்பத்திரியில என் தலைய அவங்க மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இரத்தம் எடுத்தப்போ, எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போனப்போ, கூடவே இருந்தாங்க. மைன்ஸுக்குச் சொல்லி அனுப்பி அவர் வந்து சேர மத்தியானம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் ஒரு வாய் டீ கூட குடிக்கல அந்தப் பொண்ணு. அன்னைக்கு வேலையப் பாதியில விட்டதுக்கு சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதா அப்புறமாத் தெரிஞ்சுச்சு.

அன்னைக்கு என் உடம்புல அவங்க கை படாத இடம் இல்ல. எனக்கு அது ஒரு பொருட்டாவே தெரியல. இத எழுதி வைக்கணும், ஏன்னா பின்னால நான் பண்ணுனதுக்கு இது தெரிஞ்சாத்தான் அர்த்தம்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆடிக் காத்து முழுக்கக் கட்டில்ல படுத்துக்கிட்டேதான் கேட்டேன். மதுரை வீட்டுல இருந்து தினம் இட்லி, ஈரோட்டு வீட்டுல இருந்து ரசம், எதிர் வீட்டு அம்மா வந்து வீட்டப் பெருக்கிட்டுப் போவாங்க. கட்டு பிரிச்சு நாலு அடி நடக்க ஆரம்பிச்சதுமே அவர்கிட்ட சொல்லிட்டேன், எல்லாருக்கும் முந்திரிக்கொத்து செய்யப் போறேன்னு.

"கால் இன்னும் சரியாகல, அதுக்குள்ள உனக்கு ஆட்டமா?"ன்னாரு.

"ஸ்டூல் போட்டு உக்காந்து செய்யுதேன். நீங்க மாவு அரைச்சுட்டு வாங்க, போதும்."

முந்திரிக்கொத்துன்னா அதுல முந்திரியே கிடையாது. பாசிப்பயற வறுத்து அரைச்சு, வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மூணு மூணா அரிசிமாவுல முக்கி எண்ணெயில போடுறது. முந்திரி விளையுற இந்தச் சீமையில உக்காந்துக்கிட்டு முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து செய்யுறியேன்னு பிளாக்கே என்னைக் கிண்டல் பண்ணும். பண்ணிட்டு ஆளுக்கு நாலு தின்னும். ரெண்டு நாள் செஞ்சேன். கால் கட்டையா வீங்கிடுச்சு. ஆனா மேஜை மேல டப்பாவ வரிசையா அடுக்கி வச்சப்போ எனக்கு அப்படி ஒரு நிறைவு. எட்டு எவர்சில்வர் டப்பா. ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஹோட்டல்ல சாம்பார் பார்சல் வந்தது.

அவர் பாத்துட்டாரு. "ஏட்டி, இது யாருக்கு?"

"குப்பைக்கார பொண்ணுக்கு."

"அது மட்டும் ஏன் பிளாஸ்டிக்?"

"அவளுக்குத் திருப்பிக் கொண்டாற சிரமம் வேண்டாம்னுதான். எல்லாத்துலயும் ஒரு கேள்வி கேக்கணுமா உங்களுக்கு?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவர் பேப்பர எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு.

பொய். சுத்தப் பொய். எவர்சில்வர்ல குடுத்தா அது திரும்பி வரும். வரும்போது வெறுமனே வராது. அவங்க அடுப்புல வெந்தது என் அடுப்படிக்கு வரும். அது வரக்கூடாதுன்னுதான் பிளாஸ்டிக்ல குடுத்தேன். சாதிங்கற வார்த்தைய நான் மனசுக்குள்ள கூடச் சொல்லிப் பாக்கல. சுத்தம்னு சொல்லிக்கிட்டேன். குப்பை அள்ளுற கை, என்ன இருந்தாலும்னு சொல்லிக்கிட்டேன். அந்தக் கைதான் என் தலையத் துவட்டுச்சுங்கறது அப்ப எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல.

மறுநாள் காலையில வாசல்ல வச்சுக் குடுத்தேன். "டப்பாவ நீயே வச்சுக்க, திருப்பித் தர வேண்டாம்"னும் சொன்னேன். அவங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. "கால் வலியோட எனக்காகச் செஞ்சீங்களாக்கா?"ன்னு கேட்டாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. எனக்கும் கலங்குச்சு. அந்த நிமிஷத்துல நான் உண்மையிலேயே நல்லவ மாதிரிதான் இருந்தேன்.

நான் என்ன வழி அடைச்சு என்ன? அடுத்த வாரம் பிள்ளையார் சதுர்த்தி. சாயங்காலம் நாலு மணி இருக்கும், பின்பக்கக் கதவுல சத்தம். போய்ப் பாத்தா அவங்க. வேலைக்கு வர்ற சட்டை இல்ல, நல்ல புடவை, தலையில பூ. கையில ஒரு தூக்குவாளி. இத குடுக்குறதுக்குன்னே அவங்க ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்காங்க.

"கொழுக்கட்டைக்கா. சூடாருக்கப்பவே சாப்டுங்க."

உள்ள வான்னு நான் சொல்லல. தூக்குவாளிய வாங்கிட்டுப் போய், வாழை இலையோட எடுத்து ஒரு தட்டுல வச்சேன். ஏழு இருந்துச்சு. ஒண்ணு போல ஒண்ணு, வெள்ளை வெளேர்னு, ஒரு விரிசல் கிடையாது. எனக்கு அப்படி வராது, இத்தனை வருஷம் செஞ்சும் என் கொழுக்கட்டை எங்கயாவது வாயப் பிளக்கும். தூக்குவாளியக் கழுவி அவசரமா ரெண்டு வாழைப்பழத்தப் போட்டுக் குடுத்தேன். சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க, இருட்டுறதுக்கு முன்னால ஊர் போய்ச் சேரணும்னு.

தட்டு மேடையில இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் போறதும் வர்றதுமா இருந்தேன். ஒண்ண எடுத்தேன். வாய்கிட்ட கொண்டு போனேன். சே, முடியல. வச்சுட்டேன். அவர் செகண்ட் ஷிப்ட், ராத்திரிதான் வருவாரு. வந்தா எதையும் பாக்காம ஏழையும் தின்னுடுவாரு, நீ ஏன் சாப்பிடலன்னும் கேப்பாரு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் வர்றதுக்கு முன்னால, இலையோட சேத்து ஒரு கருப்புக் கவர்ல போட்டு, ரெண்டு முடிச்சுப் போட்டு, பச்சைக் குப்பை டப்பாவுல காய்த்தோலுக்கு அடியில அமுக்கிட்டேன். பிச்சைக்காரன் கிட்டக் குடுத்திருக்கலாம், எதிர் வீட்டுக்குக் குடுத்திருக்கலாம். பண்டிகை நாள்ல எல்லார் வீட்டுலயும் கொழுக்கட்டை, யாருக்குக் குடுக்குறது? அன்னைக்கு எனக்குத் தோணுனது குப்பைதான். அந்தக் குப்பைய யாரு எடுக்கப் போறாங்கன்னு ஒரு நொடி கூட யோசிக்கல. குப்பை தானாப் போயிடும்னு நினைச்சுத்தானே நாங்க எல்லாரும் இங்க குடித்தனம் பண்றோம்.

காலையில விசில் சத்தம் கேட்டப்பதான் எனக்கு உறைச்சுது. டப்பாவ இன்னும் வெளியில வைக்கல. கவர எடுத்துடலாம்னு பச்சை டப்பாவத் தூக்கிட்டுத் திரும்புறேன், கேட்டுக்கு வெளியில நிக்கிறாங்க.

"கொழுக்கட்டை எப்டி இருந்துச்சுக்கா?"

நல்லா இருந்துச்சுன்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிக்குமா? "அருமை போ! தேங்காய்ப் பூரணம் அவ்வளவு பதம். ஏலக்காய் வாசனை தூக்கிடுச்சு. ஏழையும் நானே தின்னுட்டேன், அவருக்குக் கூட வைக்கல."

அவங்க முகத்துல சிரிப்பு அப்படியே நின்னுச்சு. "தேங்கா வைக்கலியேக்கா. உளுந்துப் பூரணம் வச்சுக் காரமா செஞ்சேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில ரத்தம் பாத்துட்டு உங்களுக்குச் சக்கரை இருக்குதுன்னு சொன்னாங்கல்ல? அதான் வெல்லம் சேக்கல."

எனக்குச் சர்க்கரைன்னு அவருக்கும் எனக்கும்தான் தெரியும்னு இருந்தேன். அக்கம்பக்கத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஊருக்கே இனிப்பு செஞ்சு குடுக்குறவளாச்சே நான்.

நான் முழிக்கிறதப் பாத்து அவங்களே சொன்னாங்க: "பண்டிகை நாளு, நாலு வூட்டுலேர்ந்து வந்துருக்கும். மாறிப் போயிருக்கும்க்கா."

"ஆமா ஆமா, மாறித்தான் போயிருக்கும்"னேன். அவங்க கை நீட்டித் தூக்கி விடுறாங்க, வெக்கங்கெட்டுப் போய் அதையும் பிடிச்சுக்கிட்டேன்.

"குடுங்க"ன்னு டப்பாவப் பிடிச்சாங்க. நான் விடல. "பரவாயில்ல, நானே கொட்டுறேன்"னேன். "கால வச்சிக்கினு நீங்க ஏங்க்கா"ன்னு லேசா இழுத்தாங்க. கையில இருந்து போயிடுச்சு.

வண்டியில கவிழ்த்தாங்க. காய்த்தோல் விழுந்துச்சு, அதுக்கு மேல தொப்புன்னு அந்தக் கருப்புக் கவர். மக்குற குப்பையில பிளாஸ்டிக் கலக்கக் கூடாது, பிரிச்சுத்தான் போடணும், இல்லன்னா அவங்களத்தான் திட்டுவாங்க. கவரக் கையில எடுத்தாங்க. கனத்தப் பாத்தாங்க. முடிச்ச அவிழ்க்க ஆரம்பிச்சாங்க. வேண்டாம்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லி? முதல் முடிச்சு அவிழ்ந்துச்சு. ரெண்டாவது முடிச்சு இறுகிக் கிடந்துச்சு, நகத்தால நெம்பி எடுத்தாங்க.

இலை விரிஞ்சுது. ஏழும் முழுசா இருந்துச்சு. ஒண்ணு கூடக் கடிபடல.

அவங்க என்னைப் பாக்கவே இல்ல. கவரத் தலைகீழாப் பிடிச்சு மக்குற குப்பையில கொட்டுனாங்க. ஒண்ணு மட்டும் கவர்லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உதறுனாங்க, அதுவும் விழுந்துச்சு. கவர மடிச்சு, பிளாஸ்டிக்குக்குன்னு வண்டியில மாட்டியிருந்த பையில போட்டாங்க. காலி டப்பாவ என் காலுகிட்ட வச்சாங்க.

"மேடம், பச்சை டப்பாவுல கவர் போடாதீங்க. பிரிக்கறதுக்குக் கஷ்டமாருக்குது."

"சரி"ன்னேன். அவங்க வண்டியத் தள்ளிட்டு அடுத்த வீட்டு வாசல்ல போய் விசில் ஊதுனாங்க.