பாலா ஷார்க்கும் பால் சுறாவும்

கே.கே. நகரில் வண்ணமீன் கடை வைத்திருந்த காலத்தில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி, "பாலா யாருண்ணே, ஓனரா?" என்பதுதான். ஒரு தொட்டியில் 'பாலா ஷார்க்' என்று எழுதி ஒட்டியிருப்பேன். வெள்ளி உடம்பு, கறுப்புக் கரை போட்ட துடுப்பு. அந்தத் துடுப்பு விறைப்பாக நிற்பதைப் பார்த்து யாரோ ஷார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது கெண்டைக்குச் சொந்தக்காரன். நல்ல தண்ணீரில் வளரும், யாரையும் கடிக்காது. இதைச் சொன்னால் வாங்க வந்தவர் முகம் சுருங்கிப்போகும்.

பரவையில் காய்கறி வியாபாரம் செய்தவர் ஒருவர் எங்கள் தெருவில் புது வீடு கட்டிக் குடிவந்தார். ஹாலில் வைக்க, ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி என்னிடம் செய்து வாங்கினார். அதில் விட பாலா ஷார்க் வேண்டும் என்றார். கடையில் தீர்ந்துபோயிருந்தது. சென்னையிலிருந்து வரவேண்டும் என்றேன்.

"இதுக்குப் போயி மெட்ராசா? எங்க அக்கா மகன் தொண்டியிலேருந்து மீன் வண்டி ஓட்டுறான் தம்பி" என்று என் கடை போனையே எடுத்தார். "மாப்ள, பாலா சுறா ஒண்ணு வேணும்டா. சின்னதா. உசுரோட வேணும், ஆமா."

அது அங்கே கிடைக்காது, கடல் மீனே இல்லை என்று சொன்னேன். "கிடைக்கலேன்னா வெறும் கையோட வாரான், நமக்கென்ன?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பரவைக்காரர் கடைக்கு வந்து சேர்ந்த நேரம், வாசலில் மீன் வண்டி வந்து நின்றது. பின்னால் நீல டிரம். டிரைவர் மூடியைத் திறந்தார். முழ நீளத்தில் சாம்பல் நிற உடம்பு ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பால் சுறாக்குட்டி. கெண்டையும் இல்லை, கிண்டையும் இல்லை, அசல் சுறா.

"வீட்டுல உங்க மக பிள்ளை பெத்திருக்காளே, பால் ஊறச் சுறாப்புட்டுக்குக் கேக்குறீகன்னு நெனச்சேன் மாமா" என்றார் டிரைவர். "ஆனா புட்டுக்கு எதுக்கு உசுரோடன்னுதான் வழியெல்லாம் ஒரே ரோசனை. ரோட்டோரம் நிறுத்தி நிறுத்தித் தண்ணியக் கலக்கி விட்டு வாரேன்."

"அடேய், நான் கேட்டது தொட்டிக்குடா!" என்றவர், குனிந்து பார்த்ததும் குரலை இறக்கினார். "தம்பி, இதையே விட்ருவோமா? என்னா கம்பீரம் பாரு."

"இது கடல்ல ஓடுற சாமான்ண்ணே."

"கல் உப்பு ஒரு மூட்டை கரைச்சா ஆச்சு."

"அது ஊறுகாய்த் தண்ணிண்ணே. கடல் ஆகாது."

அப்போதுதான் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. புலியையும் யானையையும் காக்கிற சட்டத்தில் சுறாக்களையும் மொத்தமாகச் சேர்த்து, கடற்கரைச் சனங்கள் கொந்தளித்த பிறகு சில வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டதாகப் பேப்பரில் வந்திருந்தது. வன இலாகாவில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"பால் சுறா அதுல இல்லண்ணே" என்றார் அவர். "மார்க்கெட்டுல கூறு போட்டு விக்கிறதுக்கு நாங்க என்ன கேஸ் போட? ஆனா வீட்டுல வளர்க்கப் போறோம்னு மொத மொதல்ல நீங்கதான்ணே கேக்குறீக."

சட்டம் கையை விரித்துவிட்டது. இனி நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"கேட்டியா?" என்றார் பரவைக்காரர். "வெட்டித் தின்னா யாரும் ஒண்ணும் சொல்லலை. சோறு போட்டு வளர்க்கிறேங்கிறேன், நீ மூஞ்சியத் தூக்குற."

அவர் கேட்டதில் ஞாயம் இருந்தது. தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். இந்த வகை ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விடும். அவருடைய தொட்டியில் நாலு வீச்சு வீசுவதற்குள் கண்ணாடியில் மூக்கு இடிக்கும்.

"எம்புட்டு நாள் தாங்கும்?"

"நாளெல்லாம் இல்லண்ணே. பொழுது சாய்றதே பெருசு."

அவர் டிரம்முக்குள் கையை விட்டார். தோல் உப்புத்தாள் போல உரசியதோ என்னவோ, சட்டென்று கையை இழுத்தார். பிறகு மறுபடி விட்டார். சுறா இப்போது சுற்றவில்லை. அடியில் சரிந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"திருப்பிக் கொண்டுபோய் விட்ரலாமா மாப்ள?"

"தொண்டி என்ன பக்கமா மாமா? வழியிலேயே போயிரும். அது புட்டுக்கும் ஆகாது, கடலுக்கும் ஆகாது."

தெருவில் ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"சரி, புட்டுக்கே வீட்டுக்குப் போகட்டும்" என்றார் அவர். "ஆனா அது வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம். இங்கேயே முடிச்சிரு."

டிரைவர் வண்டியிலிருந்து கட்டையை எடுத்தார். நான் தொட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரவைக்காரர் திரும்பவில்லை, டிரம்மைப் பிடித்தபடி நின்றார். முடிந்ததும், "ஐஸ் வச்சு மூடு" என்று மட்டும் சொன்னார்.

சுறாவை ஐஸ் பெட்டிக்கு மாற்றி அவர்கள் கிளம்பிய பிறகு, டிரம் மட்டும் என் வாசலில் நின்றது. டிரைவர் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். உள்ளே பாதிக்குமேல் கடல் தண்ணீர், லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. என் மீன்களுக்கு ஆகாது, வாசல் செடிக்கு ஊற்றினால் கருகிவிடும். சாக்கடையில்தான் சாய்த்தேன், சத்தம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாக.