மேல் எது, கீழ் எது

அக்கா ஒரு நிறத்தைக் கலக்கி முடித்ததும் உடனே காகிதத்தில் போட்டுப் பார்க்கமாட்டாள். மோதிர விரல் நுனியால் டப்பாவைத் தொட்டு, இடது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னதாக ஒரு கோடு இழுப்பாள். அது காயும்வரை கையை நெஞ்சோடு பிடித்தபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். ஈர மை பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. பிடிக்கவில்லையென்றால் ஒரு 'ப்ச்', பக்கத்திலேயே இன்னொரு கோடு. மதியத்துக்குள் முழங்கைவரை வரிவரியாகிவிடும்.

"என்ன, அணில் வேஷமா?" என்பார் அத்தான்.

"ஆமா, நீங்கதான் மரம். ஆடாம நில்லுங்க."

துணிப்பை, அட்டைப்பெட்டி, சட்டை முதுகு என்று எதில் கேட்டாலும் அச்சடித்துத் தரும் கடை அவர்களுடையது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, மிச்ச இடத்தின் வழியே ரப்பர் கட்டையால் மையை இழுத்துவிட வேண்டும். ஒரு சட்டத்துக்கு ஒரு நிறம்தான். அத்தான் சட்டம் தயார் செய்வார், அக்கா இழுப்பாள்.

வேலை ஓய்ந்த நேரத்தில் அக்கா தனக்காக அடிப்பவை வேறு மாதிரி. அதில் ஒன்று: தாள் முழுக்க வெளிறிய சாம்பல். கீழ் விளிம்போடு ஒட்டி, நனைந்த செங்கல்லின் சிவப்பில் ஒரு பெரிய கட்டம். அதற்கு எட்டாத உயரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. அவ்வளவுதான். முதலில் ஒரு வட்டமும் இருந்தது. கவிதையில் ஒரு சொல்லைத் தூக்கிவிட்டால் மிச்சம் நிமிர்ந்து உட்காருமே, அப்படித்தான் வட்டம் போனதும் கட்டம் உட்கார்ந்தது.

"இன்னும் ரெண்டு எடுத்துட்டா வெறும் தாளாவே வித்துடலாம்" என்றார் அத்தான். ஆனால் அந்தப் படங்களைக் காட்டி, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வாங்கவைத்தவரும் அவர்தான். சட்டம் போட்டு வேனில் ஏற்றிக் கொண்டுபோனார். அக்கா கூடப் போகவில்லை. பிறகும் போகவில்லை. "நம்ம படத்துக்கு முன்னாடி நாமளே போய் நிக்கிறதா? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும், போங்க" என்று மழுப்பிவிட்டாள்.

கடைசியில் அங்கே போகவைத்தது அத்தானின் தலை. தலைவலி என்றுதான் தொடங்கியது. பிறகு வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. உள்ளே ஒரு கட்டி, உடனே திறந்தாக வேண்டும் என்றார்கள். அவரைத் தள்ளிக்கொண்டு போன கதவுக்கு எதிரே நாங்கள் உட்கார்ந்தோம். அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"டேய், தலைகீழா மாட்டியிருக்காங்கடா."

சிவப்புக் கட்டம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அந்த மஞ்சள் கோடு, நசுங்கக் காத்திருப்பதுபோல.

அக்கா நர்ஸைப் பிடித்தாள். "சிஸ்டர், அந்தப் படத்தைத் திருப்பி மாட்டணும்."

"எது? நேராத்தானேம்மா இருக்கு."

"மேல இருக்கிறது கீழ வரணும்."

நர்ஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஆளு படமா இருந்தா கால் எது தலை எதுன்னு தெரியும். இதுல என்னம்மா இருக்கு?"

"நான் இவ்வளவு நேரமா அலமாரின்னுல்ல நினைச்சேன்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள் அக்கா. நர்ஸ் அவள் கையிலிருந்த கோடுகளைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "வீட்டுக்காரர் உள்ள இருக்கார். இப்போ போய் இது எதுக்கும்மா? உட்காருங்க."

அக்கா உட்காரவில்லை. "விழுந்துடும்டா."

"அக்கா, ஆணி நல்லாத்தான் இருக்கு."

"ஆணியைச் சொல்லலடா. சிவப்பைச் சொல்றேன். அவர் வெளிய வர்றதுக்குள்ள அது கீழ வந்துடணும்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் தெரியும். நாற்காலியைப் பிடி."

ஏறிக் கழற்றினாள். பின்பலகையில் பென்சிலால் அவள் போட்டனுப்பிய அம்புக்குறி தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. "அம்பு போட்டுத்தானே அனுப்பினேன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு இவங்களுக்கு?" என்று முணுமுணுத்தபடி படத்தைத் திருப்பினாள். அப்போதுதான் தெரிந்தது, கொக்கிகளை ஒரு விளிம்பில் மட்டும் திருகியிருந்தார்கள். திருப்பினால் மாட்ட வழியில்லை. அக்கா இறங்கவில்லை. படத்தை நேராக வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

கதவு திறந்து டாக்டர் வந்தார். யார் சொந்தக்காரர் என்று கேட்டுவிட்டு, அண்ணாந்து அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

"உயிருக்கு பயமில்லைம்மா. ஆனா பேச்சு... அது போகப் போகத்தான் தெரியும்."

அவள் கைகள் அப்போதும் படத்தை விடவில்லை. நான்தான் ஏறி வாங்கினேன்.

அத்தான் வீடு திரும்பினார். பேச்சு திரும்பவில்லை. தண்ணீர், கதவு, அக்கா எல்லாவற்றுக்கும் அவரிடம் 'அது' என்ற ஒரே சொல்தான் மிஞ்சியது. சட்டங்களை இப்போது நான் தயார் செய்கிறேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். நான் தப்பாகக் கட்டினால் "அது, அது" என்று பதறுவார். எது என்று கண்டுபிடிப்பதற்குள் கோபத்தில் அவர் கண் நிறைந்துவிடும். அக்கா மை கலக்குவதை நிறுத்தாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள்.

அவருடைய ஸ்கேன் படத்தை வாங்க ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வாரத்தில் படம் நேராக இருந்தது. கொக்கிகளை மாற்றித் திருகிய பராமரிப்புக்காரர் ஏணியோடு எதிரே வந்தார். அக்கா அன்றைக்குத் திட்டியது யார் மூலமாகவோ அவர் காதுக்கும் போயிருந்தது.

"நான் அம்பைப் பாத்துச் சரியாத்தான் வச்சேன் தம்பி" என்றார். "படம் கொண்டுவந்த அன்னைக்கு உங்க அத்தான்தான் கழற்றச் சொன்னார். கொக்கியையும் மாத்தித் திருக வச்சுத் திருப்பிப் பிடிச்சு, 'இப்படியே மாட்டுங்க. இதைக் கேள்விப்பட்டாலாவது ஓடி வருவா, வந்து என்னை நல்லா நாலு திட்டு திட்டட்டும்'னு ஒரே சிரிப்பு."