பதினோரு மில்லிமீட்டர் பெஞ்சு

எங்கள் குடியிருப்பின் இரும்புக் கேட்டுக்குப் போன வாரம் பெயிண்ட் அடித்தார்கள். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய நான், பெயிண்டர் தின்னர் டப்பாவைத் திறந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டு நிமிடமா ஐந்து நிமிடமா, தெரியாது. வாட்ச்மேன் ஓடிவந்து தலை சுற்றுகிறதா என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். தலை சுற்றவில்லை ஐயா, இருபத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டேன் என்று சொன்னால் நாற்காலியோடு ஆம்புலன்ஸும் வரும். பேசாமல் மாடி ஏறினேன்.

சிலருக்கு மல்லிகைப்பூ வாசனை, சிலருக்கு மழை விழுந்த மண் வாசனை. எனக்கு வாய்த்தது தின்னர். அதை முகர்ந்தால் புனே கோந்த்வாவின் இந்த நான்காவது மாடி மறைந்துபோய், கசார்வாடியில் ஒரு தகரக் கூரையும், ஞாயிற்றுக்கிழமைக் காலையும், போஹா என்கிற அவல் உப்புமாமேல் பிழிந்த எலுமிச்சையும் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் என் வரைபலகை, அவ்வளவுதான் பட்டறை. வீடு தேஹு ரோட்டில். அம்மா அங்கே ராணுவ டெப்போவில் வேலை பார்த்தாள். அது அப்பாவின் வேலை. எனக்கு ஒன்பது வயதில் அப்பா மாரடைப்பில் போய்விட, டெப்போவில் அம்மாவுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். வேலூர்ப் பக்கத்துப் பெண், ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மூன்றே மாதத்தில் கேன்டீன்காரரோடு ஹிந்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

பட்டறையில் இன்னொரு தமிழர் செல்வராஜ் அண்ணன். கோயம்புத்தூர்க்காரர், லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாதி வேலூரும் பாதி ஹிந்தியுமாக நான் பேசுவதைக் கேட்டு முதல் நாளே, "தம்பி, நீங்க பேசறது தமிழுங்களா இந்திங்களா?" என்று கேட்ட புண்ணியவான். சாப்பாட்டு நேரத்தில் நான் அட்டைத் துண்டுகளை வெட்டி ரயில் எஞ்சின் ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டார். நான் சட்டென்று டிபன் டப்பாவை வைத்து மறைத்தேன்.

"அட, எதுக்குங்க ஒளிக்கறீங்க? இதுக்குன்னு ஒரு கிளப்பே இருக்குது. பின்னாடி சந்துலதான். நானும் அதுல ஒரு ஆளுங்க. ஞாயித்துக்கெழம வாங்க, காட்டறேன்."

பின்சந்தில் மரப் பெட்டி செய்யும் பட்டறையின் பரண்தான் கிளப். ஏணிபோல் செங்குத்தான படி. மேலே நீளமான மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒரு பாங்க் அதிகாரி, ஒரு கல்லூரி ஆசிரியர், நகரப் பேருந்து ஓட்டும் ஒரு டிரைவர். தலைவர் பாட்கர் காகா, அதாவது பாட்கர் சித்தப்பா, அளவுக் கருவிகள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையெல்லாம் கண்ணாடியைத் தேடுவார். வெளிநாட்டு உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த மாடல் பெட்டிகளைப் பிரித்து, பிளாஸ்டிக் துண்டுகளை விமானம், கப்பல், டாங்கி என்று ஒட்டி, தின்னர் கலந்து பெயிண்ட் அடிப்பார்கள். எதைச் செய்தாலும் நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நிஜத்தில் எழுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் மேசையில் ஒரு சென்டிமீட்டர். அதுதான் அவர்களுக்கு வேதம்.

செல்வராஜ் அண்ணன் விமானம் செய்யவில்லை. பித்தளையைக் கடைந்து விரல்நக அளவில் ஒரு வெட் கிரைண்டர் செய்து வைத்திருந்தார். அது என்னவென்று மற்றவர்கள் ஒரு காலை முழுக்க விவாதித்தார்களாம். பீரங்கியின் ஒரு பாகம் என்று முடிவுகட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தாராம்.

வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு வழக்கம். சேர விரும்புகிறவர் தன் கையால் செய்த ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் அதில் ஒரே ஒரு குறை சொல்வார்கள். 'ஏக் சூக்' என்பார்கள் மராத்தியில், ஒரு பிழை. பாராட்டு கிடையாது. டீ வரும்வரை செய்தவர் பதில் பேசக் கூடாது. குறைகளைத் திருத்திக் கொண்டுவந்தால் பதிவேட்டில் பெயர் ஏறும்.

எனக்கோ மூக்குநுனியில் கோபம். நான் வரைந்த இந்தியப் படத்தில் சௌராஷ்டிரம் வீங்கியிருக்கிறது என்று சொன்ன வகுப்புத் தோழனோடு ஏழாவதிலிருந்து பத்தாவது வரை பேசவில்லை. முதல் வேலையை விட்டதே, என் வரைபடத்தில் ஓர் அளவைச் சூப்பர்வைசர் சிவப்பு மையால் சுழித்தார் என்பதற்காக. அளவு தப்புதான், அது வேறு விஷயம்.

ஆகவே நான்கு மாதம் வேடிக்கை பார்க்கவே போனேன். ஒவ்வொரு ஞாயிறும் பாட்கர் காகா பதிவேட்டைத் தட்டி, "க்யா, டிசைட் கியா?" என்பார், என்ன, முடிவு பண்ணிவிட்டாயா என்று. அடுத்த வாரம் காகா, என்பேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போஹா தட்டுகளில் எனக்கும் ஒன்று எப்போதும் இருக்கும். உங்களிடம் மறைப்பானேன், அந்தத் தட்டுக்காகவே அந்தக் கிளப்பில் சேர எனக்கு வெறியாக இருந்தது. பட்டறையும் வீடும் தவிர நான் வருவேன் என்று யாராவது எதிர்பார்க்கும் இடம் இந்தப் பூமியில் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

கடைசியில் துணிந்து, தேஹு ரோடு ரயில் நிலையத்தின் பிளாட்பாரக் கோடியைச் செய்வது என்று முடிவு செய்தேன். சின்ன வயதில் ஞாயிறு மாலைகளில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். எந்த ஊருக்கும் போவதற்கு அல்ல. ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு பெஞ்சில் உட்கார்ந்து, கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவோம். டெப்போ ஸ்டோரில் சாமான் எண்ணுகிறவருக்கு விடுமுறையிலும் எண்ணாமல் முடியவில்லை போலும். என் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போனதே இல்லை. அப்பா பெஞ்சு நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டிக் கடைசிப் பெட்டிவரை எண்ணுவார். என் கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் வேலை நடந்தது. நிலையத்துக்கு டேப்போடு போய் அளந்தேன். விளக்குக் கம்பத்தை நிழல் வைத்துக் கணக்கிட்டேன். மூன்று மொழியில் மஞ்சள் பெயர்ப்பலகை, குழாய், குல்மோஹர் மரம் எல்லாம் ஆயிற்று. அம்மா கதவருகில் நின்று, "இருவத்தாறு வயசு ஆம்பள பொம்ம வெச்சி ஆடிகினு கீறான்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பாள். மறுநாள் துடைப்பத்திலிருந்து நல்ல ஈர்க்குச்சியாகப் பொறுக்கி என் மேசையில் வைத்திருப்பாள்.

அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, பத்துப் பேரை அடைத்த ஆறு சீட்டர் ஷேர் ஆட்டோவில், மடியில் ஏந்திக்கொண்டு போனேன். எதிரே இருந்த அம்மாள், கேக்கா என்று கேட்டாள். ஸ்டேஷன் என்றேன். அவள் தன் பையை மரியாதையாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

மேசையில் வைத்ததும் ஆரம்பித்தார்கள். பெயர்ப்பலகையில் மழைக் கறை இல்லை என்றார் பாங்க் அதிகாரி. பேருந்து டிரைவர், குழாய்க்கடியில் தரை காய்ந்து கிடக்கிறது, ஒழுகாத குழாய் உள்ள ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைசியாகப் பாட்கர் காகா, தன் பெட்டியிலிருந்து சரியான அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சிப்பாயை எடுத்து என் பெஞ்சின் பக்கத்தில் நிறுத்தினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெஞ்சின் பலகை சிப்பாயின் இடுப்பருகில் இருந்தது. காகா காலிப்பரை வைத்து அளந்தார். ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உயரம், பதினொன்று இருந்தது.

தினமும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கோடு போடுகிறவன் நான். வாய் தானாகத் திறந்துகொண்டது. மற்றதெல்லாம் அளந்து செய்தது, அந்த பெஞ்சு மட்டும் இப்போது அங்கே இல்லை, எப்போதோ எடுத்துவிட்டார்கள், அப்பாவோடு உட்கார்ந்த ஞாபகத்தில் செய்தேன் என்று ஹிந்தியில் கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது. காகா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

கடைசியாக அதில் உட்கார்ந்தபோது என்ன வயது என்று கேட்டார். எட்டு என்றேன். கால் தரையில் எட்டியதா என்றார். நான் பெஞ்சின் அடியைப் பார்த்தேன்.

"பரோபர்" என்று காலிப்பரை மூடினார். சரிதான் என்று அர்த்தம். உன் ஞாபகத்துக்கு அது சரியான அளவு, ஆனால் மேசைக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே அளவு, மாற்றிக்கொண்டு வா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போஹா தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டேதான் சொன்னார். நான் தொடவில்லை.

திரும்பும்போது செல்வராஜ் அண்ணன் என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். "மாத்தாதீங்க தம்பி. அது உங்கப்பாரு பெஞ்சுங்க. ஒரு கிளப்புல சேர்றதுக்காவப் போயி அதை அறுக்கறதுங்களா? கெரகம், வேண்டாம் விடுங்க."

மூன்று ஞாயிறு போகவில்லை. பெட்டி பீரோமேல் கிடந்தது. பெஞ்சை மாற்றினால் அப்பாவை மாற்றுவதுபோல் இருந்தது. மாற்றாவிட்டால் அந்தப் பரண் இல்லை. காலையில் ஆறுக்கே விழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது.

மூன்றாவது ஞாயிறு அம்மா வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாடா, பொம்ம கிளப்புக்குப் போவல?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை இறக்கிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடா இவ்ளோ ஒசரம்? ஒங்கப்பா ஏறி ஒக்காரணும்னா ஏணிதான் போடணும்."

"அப்பா நல்ல உயரந்தானேம்மா?"

அம்மா சிரித்தாள். அப்பா பேச்சில் அம்மா சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. "யாரு, ஒங்கப்பாவா? அஞ்சடி ரெண்டங்குலம்டா! இப்ப இருந்தாருன்னா ஒன் தோளுக்குத்தான் வருவாரு. சாதா பெஞ்சுலயே அவருக்குக் காலு நல்லா ஊணாது. அதான் நுனியில ஒக்காருவாரு."

பதினேழு வருடம் அந்த மனிதரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போதோ அவரைத் தாண்டி வளர்ந்துவிட்டேன், எனக்கே தெரியாது. மீதிக் கீரையை நான் ஆய்ந்து தருகிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டு, குனிந்தபடி அழுதேன். அம்மா பார்க்காததுபோல் உள்ளே போனாள்.

அன்று மத்தியானமே ஆறு மில்லிமீட்டரில் புது பெஞ்சு செய்தேன். அப்பாவையும் செய்தேன். நின்றால் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வருவார். நுனியில் உட்காரவைத்தேன். தரையில் பாதி கால்தான் பட்டது. இத்தனை சின்ன ஆளா எட்டு வயதுப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நடந்தார் என்று நினைத்து நினைத்து மாளவில்லை. அவரை அதற்கு முன்னும் நேசித்தேன், ஆனால் இரக்கப்பட்டது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு காகா மறுபடியும் சிப்பாயை நிறுத்திப் பார்த்தார். பலகை முழங்காலுக்கு வந்தது. நுனியில் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். டிரைவர் குழாயடி ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், வார்னிஷ்.

செல்வராஜ் அண்ணன் மட்டும் முகம் வாடி, "அறுத்துப் போட்டீங்களாக்கு?" என்றார்.

"இல்லண்ணே, அது தீப்பெட்டிக்குள்ள இருக்கு. இது வேற செஞ்சேன்."

"அப்பச் சரிங்க" என்று என் தட்டில் தன் பங்கு எலுமிச்சையையும் பிழிந்தார்.

அதன்பிறகு ஏழெட்டு வருடம். என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது அதையும் மேசையில் வைத்து ஆளுக்கொரு குறை சொன்னார்கள். மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தில் அம்புக்குறி ஒருவழிப் பாதைக்குள் எதிர்த்திசையில் போகிறது என்றார் டிரைவர். உண்மைதான். எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை அக்கறையாக வேறு யார் பார்த்திருப்பார்கள்?

பெட்டிப் பட்டறையை விற்றார்கள், பரணும் போயிற்று. ஓர் உணவகத்தில் கூடிப் பார்த்தோம். தின்னர் டப்பாவைத் திறந்ததும் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். செல்வராஜ் அண்ணன் ஊரில் சொந்த லேத் போடப் போனார். பாட்கர் காகா மகனிடம் போய், அங்கேயே காலமானார். ஆறு சீட்டர்களும் சாலையிலிருந்து போய்விட்டன. பரணைக் காலி செய்த மழை வாரத்தில் நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மா பிழைத்து, அதன்பின் வெகுகாலம் இருந்துதான் போனாள். ஆனால் பரண் அலமாரியில் இருந்த என் ஸ்டேஷனை, நுனியில் உட்கார்ந்திருந்தவரோடு சேர்த்து யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சரியான பெஞ்சு போய்விட்டது. தப்பான பெஞ்சுதான் தீப்பெட்டியில் இருக்கிறது.

தின்னர் வாசனை அடித்த அன்று அதை எடுத்து மேசைமேல் வைத்து, எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் படம் போட்டேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாயையும் நிறுத்தியிருந்தேன். நான் செய்தது, எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று எழுதினேன். கட்டைவிரல்கள் வந்தன, கைதட்டல்கள் வந்தன, "சூப்பர் அங்கிள்" வந்தது. சாயங்காலம்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெஞ்சு இவ்வளவு உயரமாக இருக்கிறதே என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.